பிள்ளையார் இருந்த வரி

நான் ஓய்வு பெற்ற அன்று கேன்டீனில் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டு ஒரு சின்னக் கூட்டம் வைத்தார்கள். சம்பங்கி மாலை, சால்வை, கண்ணாடி போட்ட முருகன் படம். புதிதாக வந்திருந்த மேனேஜர் மைக்கைப் பிடித்து, "இவர் எழுதின ப்ரோக்ராம் இத்தனை வருஷத்துல ஒரு வரியைக்கூட விட்டதில்லை" என்றார். எல்லாரும் கை தட்டினீர்கள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த சகாயமேரி மட்டும் தட்டவில்லை.

அவள் தட்டாததுதான் நியாயம். அப்போதே மைக்கை வாங்கி, "இல்ல சார், விட்டிருக்கு" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கழுத்தில் மாலையோடு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அன்று வாங்கிக்கொண்ட கைதட்டலைத் திருப்பிக் கொடுக்கத்தான் இதை எழுதுகிறேன். டேட்டா செக்‌ஷனில் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் தம்பிகளும் தங்கைகளும், அந்த ப்ரோக்ராமைத் திறப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிட வேண்டும்.

நான் பெரிய படிப்பு படித்தவன் இல்லை. பத்தாவது, அதற்கு மேல் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர். சேரப்பணஞ்சேரியிலிருந்து ஒரகடத்துக்கு மொபெட்டில் வந்து வேலை பார்த்தவன். முழங்கால் தேய்ந்து லைனில் எட்டு மணி நேரம் நிற்க முடியாமல் போனபோது, நல்ல மனதோடு என்னைக் குவாலிட்டியில் ஒரு மேசையில் உட்கார வைத்தார்கள். அப்போது எனக்கு வயது ஐம்பத்திரண்டு.

நம் லைனில் செய்வது பிரேக் எண்ணெய் போகிற அலுமினிய பாகம். அதற்குள் காற்றை அடைத்துக் கசிகிறதா என்று பார்க்கும் லீக் டெஸ்டர் உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பாகத்துக்கும் அது ஒரு வரி எழுதும். பாகத்தின் எண், நேரம், கசிவு எவ்வளவு, ஓகேயா, தேறாத என்.ஜி.யா, நின்ற ஆபரேட்டர் பெயர். ஒரு ஷிப்டுக்கு ஒரு டெக்ஸ்ட் ஃபைல். நான் அதைத் தாளில் அச்செடுத்து, ஸ்கேலை ஒரு வரிக்குக் கீழே வைத்து, என்.ஜி. இருக்கிறதா என்று பார்த்து, ஸ்கேலை இறக்கி, அடுத்த வரி பார்ப்பேன். ஒரு ஷிப்ட் முடிப்பதற்குள் கண்ணில் நீர் கட்டிவிடும்.

அப்போது பயிற்சிக்கு வந்திருந்த ஒரு இன்ஜினியர் பெண், என் மகளைவிடச் சின்னவள், பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"அண்ணா, நீங்க ஸ்கேல் வெச்சு செய்யறதை அப்படியே கம்ப்யூட்டர் செய்யும். ஒரு வரி எடுக்கும், பார்க்கும், கீழ எறங்கும். கடைசி வரி வரைக்கும். அதுக்கு மூட்டு வலி கிடையாது."

"எந்த பாஷையிலம்மா சொல்லணும் அதுக்கு?"

"பைத்தான்னு ஒண்ணு."

"பாம்பா? மேனேஜருக்குத் தெரிஞ்சா வாசல்ல செக்யூரிட்டி உடமாட்டாம்மா."

அவள்தான் எனக்குக் குரு. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். பெயரை எழுதலாமா என்று அவளிடம் கேட்கவில்லை, அதனால் எழுதவில்லை. சாப்பாட்டு நேரத்தில் பாதியை எனக்காக ஒதுக்கி, இரண்டு மாதத்தில் பத்துப் பன்னிரண்டு வரியில் ஒரு ப்ரோக்ராம் எழுத வைத்தாள். விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி நானே அடித்தேன். ஃபைலைத் திற, ஒரு வரி எடு, என்.ஜி. என்றால் லிஸ்டில் போடு, அடுத்த வரிக்குப் போ. அவ்வளவுதான்.

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. புது நோட்டு எடுத்தால் தலையில் பிள்ளையார் சுழி போடாமல் நான் ஒரு எழுத்து எழுதியதில்லை. பால் கணக்கு நோட்டுக்குக்கூடப் போடுவேன். ஆயுத பூஜைக்கு டெஸ்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம் வைப்பது நான்தான். அப்படி இருக்க, தினம் மூன்று ஃபைல் புதிதாகப் பிறக்கிறது, எதன் தலையிலும் சுழி இல்லை என்றால் மனது கேட்குமா? டெஸ்டர் ஒவ்வொரு ஷிப்டுக்கும் டெம்ப்ளேட் என்கிற ஒரு மாதிரி ஃபைலைப் பார்த்துத்தான் புது ஃபைல் திறக்கும் என்று அந்தப் பெண் சொல்லிக் கொடுத்திருந்தாள். நான் அந்த மாதிரி ஃபைலைத் திறந்து முதல் வரியில் ஒரு 'உ' போட்டேன். அன்றிலிருந்து எல்லா ஃபைலும் உ போட்டே தொடங்கியது.

ப்ரோக்ராம் அந்த வரியில் இடறி நின்றது. எண்ணும் இல்லை, நேரமும் இல்லை, அதற்கு என்ன தெரியும்? அந்தப் பெண் தலையில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, முதல் வரியைத் தள்ளிவிட்டு இரண்டாவது வரியிலிருந்து படி என்று ஒரு கட்டளை சேர்க்கச் சொன்னாள். சேர்த்தேன். கிளம்பும்போது திரும்பி வந்தாள்.

"அண்ணா, தள்ளறதுக்கு முன்னாடி, அது உ தானான்னு பார்த்துட்டுத் தள்ளச் சொல்லிடலாம். ரெண்டு வரிதான் கூட எழுதணும்."

"அது பிள்ளையார் குந்தியிருக்கிற எடம்மா. அவரு எழுந்து எங்க போவப் போறாரு?"

"சரி. உங்க பிள்ளையார், உங்க பொறுப்பு" என்று போய்விட்டாள். அந்த வருஷமே பெங்களூரில் வேலை கிடைத்துப் போனாள்.

நான்கு வருஷம் அது ஓடியது. பத்தாவது படித்த ஃபிட்டர் ப்ரோக்ராம் எழுதிவிட்டான் என்று பக்கத்துப் பிளான்ட்டிலிருந்துகூட வந்து பார்த்தார்கள். எனக்குக் 'கம்ப்யூட்டர் அண்ணா' என்று பெயர் வந்தது. அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. ஃபைலைத் திறந்து பார்ப்பதை எப்போது விட்டேன் என்று எனக்கே தெரியாது. லிஸ்டைத்தான் பார்ப்பேன்.

இப்போது சகாயமேரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மண்ணூர்க்காரி. இரண்டு பிள்ளைகள். கான்ட்ராக்டில் ஐந்து வருஷமாக லீக் டெஸ்டரில் நிற்பவள். முதல் பாகத்தை மெஷினில் வைப்பதற்கு முன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வாள். "நீங்க ஃபைலுக்குப் போடறீங்க, நான் எனக்குப் போட்டுக்கறேன்" என்று என்னைக் கிண்டல் செய்வாள்.

ஒரு திங்கட்கிழமை வாடிக்கையாளரிடமிருந்து புகார் வந்தது. கார் கம்பெனி. நாம் அனுப்பிய ஒரு பாகம் அவர்கள் லைனில் கசிந்திருக்கிறது. வண்டியில் மாட்டுவதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள், கடவுள் புண்ணியம். ஆனால் பிரேக் சம்பந்தப்பட்டது. எண்ணை வைத்துத் தேடினால் மூன்று வாரத்துக்கு முந்தைய காலை ஷிப்ட், சகாயமேரி நின்ற மெஷின்.

மேல்மாடி அறையில் நான்கு பேர் உட்கார்ந்தோம். குவாலிட்டி மேனேஜர், லைன் சூப்பர்வைசர், நான், சகாயமேரி. அவளுக்கு நாற்காலி காட்டினார்கள். உட்காராமல் நின்றாள்.

"இன்னா மேரி இது? டெஸ்ட் பண்ணாமயே தூக்கிப் போட்டுட்டியா?" என்றார் சூப்பர்வைசர்.

"சார், அந்த நம்பரு எனக்கு நல்லா ஞாபகம் கீது. அன்னிக்கு மொத பீஸே அதான். வெச்ச ஒடனே செவப்பு லைட்டு. மொத பீஸே இப்படியா, இன்னிக்கு நாளு வெளங்குமான்னு நெனச்சேன். செவப்புப் பெட்டியில நான்தான் போட்டேன்."

"அப்ப லிஸ்ட்ல வந்திருக்கணுமே. இங்க பாரு. அந்த ஷிப்டுக்கு என்.ஜி. பூஜ்யம்."

"லிஸ்ட் எனக்குத் தெரியாது சார். நான் போட்டேன்."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "பெரியவரே, உங்க ப்ரோக்ராம் எங்கயாவது விட்டிருக்குமா?"

"அது ஒவ்வொரு வரியா படிக்குது சார். ஒரு வரி விடாது" என்றேன். நெற்றியில் விபூதியோடு, நல்ல சத்தமாக.

"அப்ப மெஷின் பொய் சொல்லுதா, நீ பொய் சொல்றியா?" என்றார் சூப்பர்வைசர் அவளிடம்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "அண்ணா, செவப்புப் பெட்டிச் சாவி உங்ககிட்டதானே கீது? நீங்க தொறக்காம அத யாரு வெளிய எடுக்க முடியும்?"

பிள்ளைகளே, உங்களுக்குத் தெரியும், என்.ஜி. பாகங்களைப் போடும் சிவப்புப் பெட்டிக்குப் பூட்டு உண்டு. மேலே ஒரு வாய், அதில் போடத்தான் முடியும். சாவி டேட்டா செக்‌ஷனில் இருக்கும். என் காலத்தில் அது என் இடுப்புக் கயிற்றில் இருந்தது. தினமும் இரண்டு மணிக்குத் திறந்து லிஸ்டோடு சரிபார்ப்பேன். லிஸ்டில் இல்லாத பாகம் பெட்டிக்குள் இருந்தால், அதை மறுபடி டெஸ்டரில் வைத்துப் பார்க்க வேண்டும். அதுதான் விதி. அந்த விதியைச் சுவரில் எழுதி ஒட்டியவனே நான்தான்.

அவள் அப்படிக் கேட்டதும் எனக்கு நினைவு வந்தது. அந்த நாள் கிருத்திகை. வல்லக்கோட்டை முருகன் கோயிலில் சாயங்கால அபிஷேகத்துக்குப் போக வேண்டும், வீட்டில் மனைவி பாலை வாங்கி வைத்துக்கொண்டு காத்திருப்பாள். பெட்டியைத் திறந்தேன். ஒரே ஒரு பாகம் இருந்தது. லிஸ்டில் எதுவும் இல்லை. டெஸ்டரில் வைத்துப் பார்க்க ஐந்து நிமிஷம் ஆகும், அப்போது ஷிப்ட் மாறுகிற நேரம், வரிசையில் நிற்க வேண்டும். யாரோ தெரியாமல் போட்டிருக்கிறார்கள் என்று, இந்தக் கையால், நல்ல பாகங்கள் இருக்கும் தட்டில் வைத்தேன். வைத்துவிட்டு மொபெட்டை எடுத்தேன்.

அந்த அறையில் அது எனக்கு முழுசாக ஞாபகம் வந்தது. பாகத்தின் குளிர்ச்சிகூடக் கையில் வந்தது. மறந்துவிட்டது என்று நான் இதுவரை யாரிடமாவது சொல்லியிருந்தால் அது பொய்.

"என்ன பெரியவரே?" என்றார் மேனேஜர்.

"லிஸ்ட்ல இல்லாதது பெட்டியில இருக்காது சார்" என்றேன்.

 சகாயமேரி மாதா மேல் சத்தியம் என்றோ, பிள்ளைகள் மேல் சத்தியம் என்றோ எதுவும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவளும் நாடகம் போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருப்பேன்.

விசாரணை மூன்று நாள் நடந்தது. அந்த மூன்று நாளும் அவள் கம்பெனி பஸ்ஸில் வந்து போனாள். மண்ணூர் பஸ்ஸில் முப்பது பெண்கள். அவள் ஏறும்போது பின் சீட்டிலிருந்து, "ஒதுங்கிக்குங்கடி, பிரேக் இல்லாத வண்டி வருது" என்று குரல் வருமாம். மொத்த பஸ்ஸும் சிரிக்குமாம். இதெல்லாம் கேன்டீனில் என் காதுக்கு வந்தது. நானும் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டேன். புதன்கிழமை மாலை கான்ட்ராக்ட்காரர் அவளை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். "பெரியவரே, லிஸ்ட் போதாதாம். டெஸ்டர் எழுதின ஃபைலையே அனுப்பச் சொல்றாங்க கார் கம்பெனியில. திங்கட்கிழமை காலையில கொடுத்துடுங்க."

ஃபைலைத் திறந்தேன். எத்தனையோ மாதம் கழித்து, லிஸ்டை விட்டு ஃபைலை என் கண்ணால் பார்த்தேன்.

முதல் வரியில் பிள்ளையார் இல்லை.

முதல் வரியில் ஒரு பாகம் இருந்தது. எண், காலை ஆறு மணி நான்கு நிமிஷம், கசிவு, என்.ஜி., சகாயமேரி. அவள் சொன்ன அதே எண். அவள் சொன்ன அதே முதல் பீஸ்.

முந்தைய நாள் ஃபைலைத் திறந்தேன். அதிலும் உ இல்லை. அதற்கு முந்தையது, அதற்கும் முந்தையது. அந்த வெள்ளிக்கிழமைக்கு ஆறு வாரம் பின்னால் போன பிறகுதான் உ வந்தது. டெஸ்டர் சர்வீஸ்காரருக்கு போன் போட்டேன். "ஆமா சார், கம்ப்யூட்டர் மாத்தும்போது மொத லைன்ல இன்னாவோ கொஸ்டின் மார்க்கா வந்துச்சு. குப்பைன்னு தூக்கிட்டேன். எதுனா பிரச்சனையா?" என்றார். ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன்.

ஆறு வாரம், தினம் மூன்று ஷிப்ட். ஒவ்வொரு ஷிப்டிலும் முதலில் வந்த பாகத்தை என் ப்ரோக்ராம் முகம் பார்க்காமல் தள்ளியிருக்கிறது. மற்றவை எல்லாம் நல்ல பாகங்கள், அதனால் யாருக்கும் தெரியவில்லை. பிள்ளையார் எழுந்து போன இடத்தில் சகாயமேரி வந்து உட்கார்ந்திருக்கிறாள். நான் அவளைத் தள்ளியிருக்கிறேன்.

அப்போதே மாடிப்படி ஏறியிருக்க வேண்டும். பதினான்கு படி. நான் என்ன செய்தேன் தெரியுமா? முதலில் ப்ரோக்ராமைத் திருத்தினேன். அந்த இன்ஜினியர் பெண் அன்று சொன்ன அதே இரண்டு வரி. யாருக்கும் சொல்லாமல் திருத்தி, ஓட விட்டு, சரியாக வருகிறதா என்று பார்த்தேன். வந்தது. அதன் பிறகு, கார் கம்பெனிக்கு அனுப்புவதற்காக அந்த ஃபைலுக்கு ஒரு பிரதி எடுத்தேன். பிரதியில் முதல் வரியின் மேல் கர்சரை வைத்தேன். அழித்தேன்.

ஆமாம், அழித்தேன். அழித்த பிறகு ஃபைல் மிகவும் சுத்தமாக இருந்தது. இரண்டாவது வரி மேலே ஏறி முதல் வரியாக உட்கார்ந்துகொண்டது. ஒரு வரி அழிந்தால் இடம்கூடத் தெரியாது, பிள்ளைகளே. தாளாக இருந்தால் கிழிசலாவது தெரியும்.

எனக்கு வேலை போய்விடுமே என்று பயந்ததாக நினைக்காதீர்கள். அதைக்கூட மன்னிக்கலாம். 'கம்ப்யூட்டர் அண்ணா' போய்விடுமே என்று பயந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி கிருத்திகை வந்தது. மனைவியோடு வல்லக்கோட்டை போனேன். முருகனைப் பார்ப்பதற்கு முன் பிள்ளையாரிடம் நின்று, நெற்றியில் குட்டிக்கொண்டு, காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போடுவது என் வழக்கம். முழங்கால் வலித்தாலும் மூன்று முறையாவது போட்டுவிடுவேன். அன்று காதைப் பிடித்தேன். உட்கார முடியவில்லை. வலி இல்லை. பள்ளிக்கூடத்தில் தப்புச் செய்தவனை இப்படித்தான் காதைப் பிடிக்கச் சொல்லி நிறுத்துவார்கள் என்று ஞாபகம் வந்தது, அவ்வளவுதான். பின்னால் வரிசையில் இருந்தவர், "பெரியவரே, கொஞ்சம் நகுருங்க" என்றார். நகர முடியவில்லை. காதைப் பிடித்தபடியே நின்றேன்.

மனைவி வந்து கையை எடுத்துவிட்டாள். பிராகாரத்தில் உட்கார்ந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னை ஆறுதல்படுத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "இந்தப் பாவத்தப் பண்ணிட்டு வந்தா போன கிருத்திகைக்கு சாமி தலையில பாலை ஊத்துனோம்?"

திங்கட்கிழமை காலையில் மேனேஜர் வருவதற்கு முன்பே அவர் கதவருகே நின்றேன். இரண்டு ஃபைலையும் அவர் முன்னால் திறந்து காட்டினேன், அழித்ததையும் அழிக்காததையும். சாவியைப் பற்றியும் சொன்னேன். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "நீங்களா பெரியவரே?" என்றார். அந்த இரண்டு வார்த்தையைவிட அவர் அடித்திருக்கலாம்.

அழிக்காத ஃபைல்தான் போனது. அது அவருடைய நேர்மை. ஆனால் காரணம் எழுதும் கட்டத்தில் 'சிஸ்டம் எரர்' என்று போட்டார். "அந்தப் பொண்ணைக் கூப்பிட்டுக்கலாம். சிஸ்டம் எரர்னு சொல்லிக்கலாம். உங்களுக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கு, இதோட விட்ருங்க" என்றார். என் மேல் உள்ள இரக்கத்தில் சொன்னார். நானும் சரி என்று தலையாட்டினேன். ஒரே காலையில் ஒரு முறை உண்மை பேசிவிட்டால் போதும் என்று நினைத்துவிட்டேன் போல.

நானே போய்ச் சொல்கிறேன் என்று செவ்வாய்க்கிழமை மண்ணூர் போனேன். அவள் வீட்டு வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. வாளியைக் கீழே வைத்தாள்.

"மேரி, உன்னைத் திரும்ப வரச் சொல்லிட்டாங்கம்மா. உன்மேல தப்பு இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. சிஸ்டம் எரர்."

"சிஸ்டம்னா யாருண்ணா?"

நான் வாளியைப் பார்த்தேன்.

"மூணு நாளு அந்த ரூம்ல நின்னேன். அங்க சிஸ்டம்னு யாரும் குந்தியிருக்கலியே. நீங்கதான் இருந்தீங்க."

"நான்தாம்மா" என்றேன். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். சுழி, தள்ளச் சொன்ன கட்டளை, கிருத்திகை, பெட்டி, தட்டு, அறையில் சொன்ன பொய், அழித்த வரி. அவள் ஒரு சட்டையைப் பிழிந்தபடியே கேட்டாள். பிழிய ஒன்றும் இல்லாத பிறகும் பிழிந்துகொண்டிருந்தாள். நான் குனிந்து, "என்னை மன்னிச்சிடும்மா" என்றேன்.

"அந்த மொத வரியில என் பேரு கீதா?"

"இருக்குதும்மா."

"எனக்குத் தெரியும்ணா. நான்தானே போட்டேன். எனக்கு இன்னாத்துக்கு வந்து சொல்றீங்க?" சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். "பஸ்ஸுல படிங்க."

"என்னம்மா?"

"அந்த வரிய. எங்க பஸ்ஸுல வந்து எல்லார் முன்னாடியும் படிங்க. படிக்கறேன்னு சொல்லுங்க, நான் வேலைக்கு வரேன். மன்னிக்கறதெல்லாம் அந்தோணியாரு பாத்துப்பாரு, அது என் வேல இல்ல."

படிக்கிறேன் என்றேன். அடுத்த திங்கட்கிழமை அவள் வேலைக்கு வந்தாள்.

அன்று நடந்ததைச் சொல்வதற்கு முன்னால், உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ப்ரோக்ராமின் மேல் பக்கத்தில், முதல் வரியைத் தள்ளுவதற்கு முன் அது என்ன என்று பார்க்கும் இரண்டு வரி இருக்கும். இப்போது உ போடுவதில்லையே, இது எதற்கு என்று யாராவது எடுத்துவிடாதீர்கள். ஒரு வரியை வேண்டாம் என்று தள்ளுவதற்கு முன்னால் அதை ஒரு முறை படித்துவிடுங்கள். அதில் ஒரு ஆளின் பெயர் இருக்கலாம். லிஸ்ட் ஒன்று சொல்லி, எதிரில் நிற்கிற ஆள் வேறு ஒன்று சொன்னால், பேசுவதை நிறுத்திவிட்டு ஃபைலைத் திறங்கள். ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷத்தை நான் அந்த அறையில் செலவழித்திருந்தால் எனக்கு எழுதுவதற்கு இது இருந்திருக்காது. பிள்ளையார் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. வீட்டு நோட்டில் இன்னும் சுழி போடுகிறேன். பார்த்துப் பார்த்து எழுது என்று நினைவுபடுத்தத்தான் அதை முதலில் போடுகிறோம். நான் அதைப் போட்டுவிட்டுப் பார்ப்பதை நிறுத்தினேன்.

திங்கட்கிழமை மதியம் இரண்டேகாலுக்கு, பஸ்கள் வரிசையாக நிற்கும் இடத்துக்குப் போனேன். அந்த முதல் வரியைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து வைத்திருந்தேன். மேனேஜரிடம் சொல்லவில்லை. மண்ணூர் பஸ்ஸில் ஏறியதும் டிரைவர், "இன்னா சார், ரூட்டு மாறி ஏறிட்டீங்களா?" என்றார்.

"ஒரு அஞ்சு நிமிஷம்பா. வண்டிய எடுக்காத."

முப்பது பெண்கள்.  சகாயமேரி நான்காவது சீட்டில், ஜன்னல் பக்கம், வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தாளைப் பிரித்தேன். படித்தேன். பாகத்தின் எண். காலை ஆறு நான்கு. கசிவு அளவைத் தாண்டியது. என்.ஜி. ஆபரேட்டர், சகாயமேரி.

"இது டெஸ்டர் எழுதின வரி. மேரி சொன்னதுதான் இதுல இருக்குது. அவங்க செவப்புப் பெட்டியிலதான் போட்டாங்க. சாவி என்கிட்ட இருந்துச்சு. நான்தான் தொறந்தேன், நான்தான் எடுத்து நல்ல தட்டுல வெச்சேன். மேனேஜர் கேட்டப்ப நான் பொய் சொன்னேன். சிஸ்டம் எரர் இல்ல. நான்."

 முன் சீட்டில் ஒரு அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். பின்னால் யாரோ ஒருத்தி, "இன்னாடி சொல்றாரு அவரு?" என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள். "காதுல மாட்டிக்கினு கீறத எடுடி மொதல்ல" என்று அந்தப் பக்கத்துச் சீட்டுக்காரி சொன்னாள்.

நான் தாளை மடித்தேன். முடிந்தது என்று நினைத்துப் படியை நோக்கித் திரும்பினேன்.

"அண்ணா" என்றாள் சகாயமேரி. முகத்தைத் திருப்பவில்லை. "பின் சீட்டுக்குக் கேக்கல. இன்னொரு தபா படிங்க."

தாளை மறுபடி பிரித்தேன். இரண்டு பக்கமும் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் மடங்க மடங்க, கடைசி சீட்டு வரைக்கும் நடந்து போய், முதல் எழுத்திலிருந்து படித்தேன்.